செயினேஜ் 11+340: ஒரு காரிடார் விழுந்த கதை

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையே, கடலை விட்டு அதிகம் விலகாமல் செல்லும் ஒரு சாலையில் 18 கி.மீ. நீளத்தை அகலப்படுத்துவதற்கான வடிவமைப்பு வேலை எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தபோது, சாலை வடிவமைப்பு மென்பொருளில் எனக்கு ஏழாண்டுப் பழக்கம் இருந்தது. அந்த ஏழாண்டுகளில் மென்பொருள் பாதியில் நின்றதையும், கோப்பு திறக்க மறுத்ததையும், ஒரு நாள் உழைப்பு கண்முன்னே காணாமல் போனதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எதையோ செய்து தப்பித்தேனே ஒழிய, ஏன் விழுந்தது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த வேலைதான் என்னை உட்கார வைத்தது.

வரைபடங்களை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. சிவில் 3டி என்ற அந்த மென்பொருளில் காரிடாரை, அதாவது சாலையின் முப்பரிமாண மாதிரியை, ரீபில்ட் செய்யச் சொன்னால் (மறுபடி கட்டச் சொன்னால்), கீழே ஓடும் பட்டை பாதியைத் தாண்டும்வரை ஒழுங்காக நகரும். பிறகு திரை வெளுத்து, சுட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு நிமிடத்துக்குப் பின் 'ஃபேட்டல் எரர்' என்ற பெட்டியும் அதற்குள் பதினாறு இலக்கத்தில் ஒரு நினைவக முகவரியும் வந்து நிற்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடி நான் செலவழித்த இரண்டு மணி நேரத்துக்குப் பலன் ஒன்றுமில்லை. நினைவகத்தில் எந்த இடத்தைத் தொடப்போய் நிரல் இடறியது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நம் சாலையில் எந்த இடத்தில் இடறியது என்பதை அது சொல்வதில்லை.

முதல் நாள் முழுவதையும் நான் வீணாக்கிய விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன். கடைசியில் மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன். நிறுவி முடிக்க மாலையாகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு ரீபில்ட் கொடுத்தேன், அதே இடத்தில் விழுந்தது. காலையிலேயே ஐந்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அதே கோப்பை வேறு கணினியில் திறப்பதும், அதே கணினியில் வேறொரு பழைய கோப்பை ஓட்டிப் பார்ப்பதும். பக்கத்து மேசைக் கணினியிலும் அந்தக் கோப்பு அதே இடத்தில் விழுந்தது. என் கணினியில் பழைய வேலை ஒன்று சிணுங்காமல் ஓடியது. நோய் கோப்பில்தான், கணினியில் இல்லை என்பது தெளிவாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யாமல் மென்பொருளை மறுநிறுவல் செய்கிறவர்களைப் பார்த்தால் இன்று எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் பெரும்பாலும் என்மேல்தான்.

இரண்டாம் நாள் காலையில், வேறு எதையும் தொடுவதற்கு முன், கோப்பைப் பிரதி எடுத்து வேறொரு கோப்புறையில் வைத்தேன். விழுந்த பிறகு மென்பொருள் 'ரெக்கவர்' என்ற ஒட்டுடன் ஒரு கோப்பைச் சேமித்துத் தர முன்வரும்; அதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை மூலக் கோப்பின் மேல் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு சேமிப்பின்போதும் அதற்கு முந்தைய நிலை 'பேக்' என்ற பின்னொட்டுடன் அருகிலேயே தங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் தானியங்கிச் சேமிப்போ தற்காலிகக் கோப்புறையில், எஸ்-வி-டாலர் குறி என்ற விசித்திரமான பின்னொட்டுடன் இருக்கும். கோப்பை முறையாக மூடினால் அது அழிந்துவிடும், விழுந்தால்தான் எஞ்சும். பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றினால் திறந்துகொள்ளும். ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப்போய் வரும் எங்கள் ஊரில், இந்தக் கோப்பு இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு தனிப் படிப்பு.

அடுத்து ரெக்கவர் (மீட்பது), ஆடிட் (சோதிப்பது), பர்ஜ் (பயன்படாததை நீக்குவது) என்ற வழக்கமான மூன்று கட்டளைகள். ஆடிட் நூற்றுக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தியதாகச் சொன்னது, மனம் குளிர்ந்தது. ரீபில்ட் கொடுத்தேன், விழுந்தது. இந்தக் கட்டளைகள் வரைபடக் கோப்பின் உள்கட்டமைப்பில் உள்ள முறிவுகளைத் தைக்கும். சாலை தப்பான நிலத்தின் மேல் ஓடுகிறதா என்பது அவற்றின் கவலை இல்லை. பொருளளவில் பிழையான தரவு, கோப்பளவில் முழு ஆரோக்கியத்துடன் இருக்க முடியும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பயன் தந்தது. காரிடாரின் பண்புகளில், அது தொடங்கும், முடியும் செயினேஜ்களை மாற்றலாம். (செயினேஜ் என்பது சாலையின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்; 11+340 என்றால் 11 கி.மீ. 340 மீட்டர்.) 18 கி.மீ.யைப் பாதியாக்கி, முதல் ஒன்பதை மட்டும் ஓட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பின் ஒன்பதை ஓட்டினேன், விழுந்தது. பின்பாதியின் முற்பாதி விழுந்தது; அதைப் பாதியாக்கியபோது முற்பகுதி ஓடியது, பிற்பகுதி விழுந்தது. இப்படிப் பத்துத் தடவை பாதியாக்கினால் 18 கி.மீ. ஏறத்தாழ 20 மீட்டராகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மென்பொருளை மீண்டும் திறக்க வேண்டியிருந்ததால் மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. கிடைத்த இடம் 11+340-க்கும் 11+360-க்கும் நடுவில். நினைவகம் நிரம்புவதை டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொண்டே அந்த 20 மீட்டரை மட்டும் ஒருமுறை ஓட்டினேன். வெறும் 20 மீட்டர் என்பதால் விழாமல் முடிந்தது, ஆனால் அதற்கே சில நிமிடங்கள் பிடித்தன.

அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஓடை கடலை நோக்கி இறங்கும் இடத்தில் ஒரு சிறுபாலம். இடப்பக்கம் உப்பளம், வலப்பக்கம் பனைகளும் சீமைக் கருவேலமும். சாலை அங்கே 120 மீட்டர் ஆரத்தில் வளைகிறது. பயப்படும்படி எதுவுமில்லாத இடம். நான் அசெம்பிளியைத்தான், அதாவது சாலையின் குறுக்குவெட்டு வார்ப்பைத்தான், சந்தேகித்துக் கிளறிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த இளம் பொறியாளர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், அந்த இடத்துல ஒரு குறுக்குவெட்டு போட்டுத் தரை எங்க இருக்குன்னு பாத்திரலாமே" என்றார். போட்டோம். தரை இல்லை. படத்தைச் சுருக்கிக்கொண்டே போனபோது, சாலைக்கு ஏறத்தாழ 95 மீட்டர் கீழே ஒரு கோடு தென்பட்டது. நில மட்டம் −92.4.

ராமநாதபுரம் கடற்கரையில் 95 மீட்டர் பள்ளம்! மென்பொருள் ஏன் திணறியது என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. சாலையின் ஓரச் சரிவு 2-க்கு 1 என்று கொடுத்திருந்தோம். தரையைத் தொடும்வரை அந்தச் சரிவு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது கட்டளை. 95 மீட்டர் இறங்க வேண்டுமானால் அது பக்கவாட்டில் 190 மீட்டர் போக வேண்டும். வளைவின் ஆரமோ 120 மீட்டர். ஆகவே உட்பக்கச் சரிவுகள் வளைவின் மையத்தையே தாண்டிச் சென்று ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு, ஒரு சந்திப்பின் வரைபடத்திலிருந்து எடுத்த அமைப்பை மாற்றாமல் விட்டிருந்ததால், வளைவில் 5 அல்லது 10 மீட்டருக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறுக்குவெட்டு உருவாகிக்கொண்டிருந்தது. ஒன்றோடொன்று பின்னிய அந்தக் கோடுகளிலிருந்து முக்கோண வலை பின்ன முயன்றபோதுதான் நினைவகம் திணறியது. மென்பொருள் தனக்கு இட்ட வேலையை உண்மையாகவே செய்துகொண்டிருந்தது, வேலைதான் பைத்தியக்காரத்தனமானது.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மென்பொருளின் எச்சரிக்கைப் பட்டியலான ஈவென்ட் வியூவர் முதல் நாளிலிருந்தே அந்தச் செயினேஜைப் பெயர் சொல்லி எச்சரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரீபில்டுக்குப் பின்னும் எட்டிப் பார்க்கும் அந்தப் பட்டியலை நான் படிக்காமலே மூடுவது வழக்கம், ஏனென்றால் அதில் எப்போதும் இருநூறு மஞ்சள் எச்சரிக்கைகள் இருக்கும். அந்த இருநூறையும் அலட்சியமாக வளரவிட்டவனும் நான்தான். வேகத்துக்காக நிலப்பரப்பின் காட்சியையும் 'நோ டிஸ்ப்ளே' என்று அணைத்து வைத்திருந்தேன். சமஉயரக் கோடுகளை ஒருமுறை போட்டிருந்தால், அந்தப் பள்ளம் கறுப்புக் கிணறாகக் கண்ணில் அறைந்திருக்கும்.

சர்வேயரை அழைத்தேன். இருபது ஆண்டு அனுபவமுள்ள மனிதர், கோபப்படவில்லை. "தம்பி, அந்தப் பாலத்துக்கிட்ட கருவேலம் மறைச்சுக்கிச்சு, டோட்டல் ஸ்டேஷன் நிறுத்த இடமில்ல. ரோவர வச்சு இருபத்திமூணு புள்ளி எடுத்தேன். அதுல என்ன வந்துச்சோ அதத்தான் அப்படியே குடுத்தேன்" என்றார். (டோட்டல் ஸ்டேஷன் என்பது எதிரே தெரியும் புள்ளியை ஒளியால் அளக்கும் கருவி; ரோவர், ஜிபிஎஸ் வழியாக அளப்பது.) "அண்ணே, உயரத்தத் திருத்தலையா?" என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

விளக்கம் இதுதான். ஜிபிஎஸ் கருவி திருத்தாமல் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அன்று. பூமியைக் கணித முறையில் துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கோளமாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து அளந்த உயரம். உண்மையான சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய பரப்பு, அதாவது ஜியாய்டு, அந்தக் கோளத்தோடு எங்கும் சரியாகப் பொருந்துவதில்லை. உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே வித்தியாசம் ஏறத்தாழ 106 மீட்டர். அந்தத் தாழ்வின் விளிம்பில்தான் நம் கடற்கரையும் கிடக்கிறது. அதனால் இங்கே கடலோரத்தில் நின்று ரோவரைப் பிடித்தால், திருத்தாத உயரம் 90 மீட்டருக்கும் மேலான எதிர்மறை எண்ணாக வரும். அடுத்த தெருவில் இருக்கும் கடல் 90 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கருவி சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை, அதன் அளவுகோல் வேறு, அவ்வளவுதான். மற்ற புள்ளிகள் அனைத்தும் பெஞ்ச் மார்க்கிலிருந்து (கடல் மட்ட உயரம் முன்பே தெரிந்த குறி) ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியால் கொண்டுவந்த உயரங்கள். ஒரே நிலப்பரப்பில் இரண்டு அளவுகோல்கள் கலந்துவிட்டன.

அந்த இருபத்துமூன்று புள்ளிகளை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றியது. அழிக்கவில்லை. அழித்திருந்தால் சுற்றியுள்ள புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் ஓடையின் மேல் தட்டையான தரை ஒன்றைப் போர்த்தியிருக்கும். காரிடார் அழகாக ஓடியிருக்கும். பாலத்தின் அடிமட்டம் தப்பாகப் போயிருக்கும். விழாமல் ஓடும் தப்பு, விழும் தப்பைவிட மோசமானது. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அந்த இடத்துக்குப் போனோம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மூலையில், அருகிலுள்ள பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் கொண்டுவந்தோம்; அதே மூலையில் ரோவரையும் வைத்தோம். இரண்டுக்குமான வித்தியாசத்தை இருபத்துமூன்று புள்ளிகளிலும் கூட்டினோம். ஐம்பது மீட்டருக்குள் அடங்கும் இடம் என்பதால் ஒரே எண்ணைக் கூட்டுவது தகும். அதே எண்ணைப் பல கி.மீ. தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஜியாய்டு சாய்ந்து கிடப்பது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையே சில செ.மீ.களில் தீர்மானிக்கிற எங்கள் சமவெளியில் பெரிய தொல்லை.

மென்பொருளில் நிலப்பரப்பை உருவாக்கும் அமைப்பில், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழோ மேலோ உள்ள புள்ளிகளை ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதை இப்போது எல்லா வேலையிலும் முதலிலேயே நிரப்பிவிடுகிறேன். இந்தச் சாலைக்கு −2 முதல் 15 வரை வைத்தேன். பலரும் கீழ் எல்லையைச் சுழியம் என்று வைப்பார்கள். உப்பளப் பாத்திகளும் ஓடைப் படுகையும் சில இடங்களில் சுழியத்துக்குக் கீழே வரக்கூடும் என்பதால், இந்தக் கடற்கரையில் அது உண்மைத் தரையையே வெட்டிவிடும். முக்கோணத்தின் பக்க நீளத்துக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்தேன். சர்வே செய்ய முடியாத நீர்நிலையின் குறுக்கே மென்பொருள் முந்நூறு மீட்டர் நீள முக்கோணங்களை இழுத்துக் கற்பனைத் தரை உண்டாக்குவதை அது தடுக்கிறது.

ஆயத்தொலைவு சம்பந்தமான ஒரு கோளாறையும் இங்கே சொல்ல வேண்டும். உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் வரைபட முறையில், தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் விழுகிறது. எல்லையான 78 பாகைத் தீர்க்கக்கோடு மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலம், ராமநாதபுரம் 44. கோவைப் பக்கத்து வேலைக்குத் தயாரித்த மாதிரிக் கோப்பை எடுத்து எங்கள் வேலையைத் தொடங்கியதால், கூகுள் எர்த்திலிருந்து கொண்டுவந்த சில கோடுகள் 43-ஆம் மண்டலத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒரே இடத்துக்கு ஒன்றில் கிழக்கு ஆயம் இரண்டு லட்சத்துச் சொச்சம், மற்றதில் ஒன்பது லட்சத்துக்கு அருகில். முழுப்படத்தையும் காட்டச் சொன்னால் 650 கி.மீ. அகலத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரியும். 'ஸூம் எக்ஸ்டென்ட்ஸ்' கொடுத்தவுடன் திரை வெறுமையானால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மண்டலம் சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. 44-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 81 பாகை. நாம் அதிலிருந்து வெகுதூரம் மேற்கே இருக்கிறோம். அதனால் வரைபடத்தில் அளக்கும் நீளம் தரையில் அளப்பதைவிடக் கூடுதலாக வரும்: கீழக்கரைப் பக்கம் கி.மீ.க்கு 30 செ.மீ.க்குச் சற்று மேல், சாயல்குடியை நெருங்கும்போது 50 செ.மீ.க்கும் மேல். 18 கி.மீ. முழுவதற்கும் கூட்டினால் எட்டு மீட்டர் அளவுக்குப் போகும். மென்பொருளில் இது எந்தப் பிழைச் செய்தியையும் எழுப்பாது. தளத்தில் சாலையை அடையாளமிடும்போதுதான், சிறுபாலத்தின் செயினேஜ் பொருந்தவில்லை என்று அழைப்பு வரும்.

காரிடார் பற்றி மிச்சமிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்பகுதியில் 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, வளைவில் 10 அல்லது 5, சந்திப்பில் மட்டும் 1 என்று வைத்தால் பெரும்பாலான தாமதம் மறையும். தானாக ரீபில்ட் ஆவதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நெடுக்குவெட்டில் ஒரு புள்ளியை அசைத்தவுடன் 18 கி.மீ.யும் மறுபடி கட்டப்படும். நிலப்பரப்பை ஒரு கோப்பிலும் அலைன்மென்ட்டை (சாலையின் மையக்கோட்டை) இன்னொன்றிலும் வைத்து, டேட்டா ஷார்ட்கட் வழியாக இணைத்தால், ஒன்று விழுந்தாலும் மற்றது பிழைக்கும். ஆனால் கோப்புறையின் பெயரை இடையில் மாற்றக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் யாரோ 'இறுதி' என்பதை 'இறுதி புதியது' என்று மாற்றியதில் எல்லா இணைப்பும் அறுந்து அரை நாள் போயிற்று.

நில எடுப்புக்கான புலப்படங்களை இணைத்த கோப்பு ஒன்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு கிராமம், சில நூறு கோடுகள். கோப்போ 140 எம்.பி. அதை நகலெடுத்து எங்கள் வரைபடத்தில் ஒட்டிய நாளிலிருந்து, சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை. மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு வரைபட மென்பொருள் வழியாகப் பயணித்து வந்த கோப்புகளில் பயன்படாத கோட்டு வகைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டும்போது அவையும் தொற்றிவிடும். தேவையான கோடுகளை மட்டும் டபிள்யூபிளாக் கட்டளையால் புதிய கோப்புக்கு மாற்றியபோது 140 எம்.பி., 2 எம்.பி.க்கும் கீழே வந்தது. வெளியிலிருந்து வரும் எதையும் இப்போது நேரடியாக ஒட்டுவதில்லை; எக்ஸ்ரெஃப் ஆகத்தான், அதாவது வெளிக்கோப்பைச் சுட்டிக்காட்டும் இணைப்பாகத்தான், இணைக்கிறோம்.

எல்லாக் கோளாறும் கோப்பில் இருப்பதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அந்த வேலை முடிந்த சில மாதங்களில் என் கணினி வேறுவிதமாக விழத் தொடங்கியது: ஒருநாள் குறுக்குவெட்டு போடும்போது, இன்னொரு நாள் வெறுமனே மின்னஞ்சல் பார்க்கும்போது, வெவ்வேறு கோப்பில், வெவ்வேறு நேரத்தில். ஒரே இடத்தில் விழுந்தால் தரவைப் பார்க்க வேண்டும். இடம் மாறி மாறி விழுந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தபோது ரேம் பட்டையின் பொன்னிறப் பற்களில் பச்சை கலந்த வெண்பூச்சு படிந்திருந்தது. கடலிலிருந்து வரும் காற்று நாள் முழுக்க ஜன்னல் வழியே வீசும் அறையில் இரண்டு ஆண்டு இருந்த கணினி அது. பழுதுபார்ப்பவர் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் தூசி தட்டி, பட்டையை மறுபடி அழுத்திப் பொருத்தினார்; 'டக்' என்று இருபக்கக் கொக்கியும் விழுந்தது. அதன் பிறகு நினைவகச் சோதனையை இரவு முழுக்க ஓட்டினோம். ஒரு பிழையும் வரவில்லை. இப்போது ஆண்டுக்கு இருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறக்கிறோம்.

மேசையில் ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருக்கிறோம். மென்பொருள் விழும் ஒவ்வொரு முறையும் தேதி, கோப்பு, கடைசியாகக் கொடுத்த கட்டளை, செயினேஜ், வேறு கணினியிலும் விழுந்ததா என்ற ஐந்தையும் அதில் எழுதுகிறோம். எழுதுவது பெரும்பாலும் அந்த இளம் பொறியாளர்தான். கடைசிப் பதிவு போன வாரத்தது: ஒரு ரவுண்டானாவின் காரிடார், இரண்டு கணினியிலும் விழுகிறது, பாதியாக்கிப் பார்த்தால் இரண்டு பாதியும் தனித்தனியே ஓடுகின்றன. காரணம் என்ற கட்டத்தில் அவர் ஒரு கேள்விக்குறி போட்டு, 'இணைப்புப் புள்ளியின் மட்டத்தை நாளை பார்க்க வேண்டும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.